இது ஆரு பேர்ல ஓடுதுங்க?

அந்தக் கம்ப்யூட்டர்க்காரம்மா எங்கள் கடைக்கு முதல் தடவை வந்தபோது குடித்த டீயைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்களுடையது சின்ன அச்சுக்கடை. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், ஜெராக்ஸ், வில்லேஜ் ஆபீசுக்குக் கொடுக்கிற அபேக்ஷை மனு எல்லாம் செய்து கொடுப்போம். நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். தமிழ் டைப்பிங் தெரியும், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஆள் வர வேண்டும். பழைய ஆள் துபாய்க்குப் போய்விட்டதால் அவர் சொல்லி அனுப்பிய இந்த அம்மா வந்தார். வீடு தேடி வந்தவர்களுக்கு ஒரு வாய் ஏதாவது கொடுக்காமல் அனுப்பினால் எனக்குச் சோறு இறங்காது. எதிர்க்கடையில் டீ சொன்னேன், வந்தது. அவர் கிளாஸைத் தொடவில்லை. எழுந்து ரோட்டைத் தாண்டிப் போய், டீ மாஸ்டர் பக்கத்தில் நின்று, இன்னொன்று போடச் சொல்லி, பால் ஊற்றியதிலிருந்து ஆற்றியது வரை கண் எடுக்காமல் பார்த்து, கையில் வாங்கிக் குடித்துவிட்டு வந்தார்.

"ஏனுங்க, நாங்க குடுத்ததுல ஏதாச்சும் தப்புங்களா?" என்றேன்.

"தப்பு ஒண்ணும் இல்லீங்க. வர்ற வழில அது ஆரு கைல இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதில்லீங்க."

என் வீட்டுக்காரருக்கு முகம் சுண்டிப்போனது. அந்த அம்மா போன பிறகு, "இவளுக்கு வெஷம் வெச்சு நாம எந்தச் சமஸ்தானத்தப் புடிக்கப் போறம்?" என்றார்.

அந்த அம்மா பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் எப்படியோ தெரிந்துகொண்டு கோபிப்பார் என்று இன்னமும் ஒரு பயம். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். தலையை இழுத்துக் கட்டி, நெற்றியில் சின்னதாகத் திருநீறு. தோளில் ஒரு பை, அந்தப் பையின் ஜிப்புக்கு ஒரு பூட்டு. எந்த ஊர் என்று கேட்டால் "பொள்ளாச்சிக்கு அக்கட்டால" என்பார். அந்தப் பக்கம் என்றால் உடுமலையா, ஆனைமலையா? கேட்டால் சிரிப்பார். எந்த பஸ்ஸில் போவார் என்றும் சொல்ல மாட்டார். பஸ் வந்ததும் திடீரென்று ஏறிவிடுவார்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். திரையில் ஓடுகிற ஏதோ ஒன்றைக் காட்டி, "இது ஆரு பேர்ல ஓடுதுங்க?" என்பார். கம்ப்யூட்டருக்குள் நடக்கிற ஒவ்வொரு வேலையும் யாராவது ஒருவருடைய பெயரில்தான் நடக்குமாம். என் பெயரில் நடந்தால் எனக்கு உள்ள அதிகாரம், முதலாளி பெயரில் நடந்தால் எல்லா அதிகாரமும். "கம்ப்யூட்டருக்கு மொதலாளி நானில்லீங்களா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "நீங்க கடைக்கு மொதலாளிங்க. இதுக்குள்ள வேற மொதலாளி இருக்குது" என்றார் அவர். வீட்டுக்காரர் அன்று சாயங்காலம் வரைக்கும் அதையே சொல்லிச் சொல்லிக் காட்டினார்.

பாஸ்வேர்டு அடிக்கும்போது கைகளுக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார். அதைப் பார்த்து என் கொழுந்தனார் மனைவிக்கு ஒரே சிரிப்பு. அவளும் நானும்தான் கடையில் மாறி மாறி உட்காருவோம். வாய்த்துடுக்கு அவளுக்கு. "ஏனுங்கக்கா, மேல காலண்டர்ல முருகன் பாக்கறாருங்களே, அவருக்கும் ஒரு துண்டு போட்டுர்லாங்களா?" என்றாள்.

அவர் நிமிர்ந்து காலண்டரைப் பார்த்தார். "அவரு பாத்தாப் பரவால்லீங்க. அவரு ஆருகிட்டயும் சொல்ல மாட்டாரு."

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் வந்திருந்தார். பிரிண்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு வைத்திருந்தேன். நான் அதைப் பெருமையாகக் காட்டினேன். அவர் கும்பிட்டுக்கொண்டார். பிறகு, "பொட்டு வெச்சாச்சுங்க. பூட்டு எப்ப வெக்கறதா உத்தேசம்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. சாமி காரியத்தில் கிண்டல் எனக்குப் பிடிக்காது. ஆனால் அவர் கிண்டலாகச் சொல்லவில்லை.

உண்மையைச் சொன்னால், நாங்களும் அவரை நம்பவில்லை. நம்மைக் கள்ளனைப் போலப் பார்க்கிறவரை நாம் எப்படி நம்புவது? அவர் பையிலிருந்து எடுத்துச் செருகுகிற பென்டிரைவில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் மவுஸ், ஒயர் எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பார். நான் அவரைத் திட்டிவிட்டு, அவர் அந்தப் பக்கம் போனதும் நானும் ஒருதரம் பார்ப்பேன்.

எங்கள் கம்ப்யூட்டரில் ஓடுவது, பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் படிக்கிற அதே இலவசச் சிஸ்டம். பிரிண்டர் மாட்டிய பெரிய கம்ப்யூட்டர் ஒன்றுதான். அதற்குள் நுழைய மூன்று வாசல். என் பெயரில் ஒன்று, கொழுந்தனார் மனைவி பெயரில் ஒன்று, வருகிறவர்கள் தாங்களே உட்கார்ந்து பிரிண்ட் எடுத்துக்கொள்ள 'விருந்தாளி' என்று ஒன்று. விருந்தாளிக்குப் பாஸ்வேர்டு கிடையாது. ஊரே அதில் உட்காரும்.

அதை அந்த அம்மா ஒருநாள் வெகுநேரம் பார்த்தார். பிறகு, "கம்பெனிக்காரங்க அப்டேட் அனுப்பிக்கிட்டே இருக்கறாங்க. இங்க ஒண்ணுகூட ஏறல. ஆரு நிறுத்தி வெச்சது?" என்றார்.

நிறுத்தி வைத்தது என் வீட்டுக்காரர். அதற்குக் காரணம் இருந்தது. ஒரு வைகாசி முகூர்த்தத்தின்போது அப்டேட் தானாக ஏறி, எங்கள் பழைய தமிழ் எழுத்துக்கள் பாதி, கட்டம் கட்டமாக மாறிப்போயின. மாப்பிள்ளை பெயரில் நடு எழுத்தில் ஒரு கட்டம். கவனிக்காமல் அச்சாகி, பெண் வீட்டில் சகுனம் சரியில்லை என்று பேசி, பெரிய பிரச்சினை. அன்றிலிருந்து, அப்டேட் என்று திரையில் வந்தாலே என் வீட்டுக்காரர் 'வேண்டாம்' என்கிற பொத்தானை அமுக்கச் சொல்லிவிடுவார். எங்கள் பக்கத்து அச்சுக்கடைகளில் பாதிப் பேர் இப்படித்தான்.

"எழுத்துக்குப் பயந்து கதவத் தொறந்து போட்டுருக்கறீங்க" என்றார் அவர். "பிரிண்ட் எடுக்கற பாகத்துல ஒரு ஓட்டை இருக்குது. வெளிய இருந்து ஆரும் வர முடியாது. ஆனா உள்ள வந்து உக்காந்த ஆளு நெனச்சா எங்க வேணா போலாம்."

"உள்ள வர்றவங்க எல்லாம் நம்ம ஊருக்காரங்கதானுங்க" என்றேன்.

"அதைத்தானுங்க நானும் சொல்றேன்."

சரி செய்துவிடட்டுமா என்று கேட்டார். நோம்பி வேலை முடியட்டும், எழுத்து மாறிவிட்டால் வம்பு என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அவர் வற்புறுத்தவில்லை. பையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

நோம்பி என்றால் எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழா. நோட்டீஸ் எப்போதும் எங்கள் கடையில்தான் அச்சாகும். ஆத்தா எங்களுக்குக் கொடுத்த பாக்கியம் என்றுதான் நான் நினைப்பது. அதில் எந்த நாள் யார் வீட்டுப் பூஜை என்று வரிசையாகப் போடுவோம். அந்த வரிசைதான் உயிர். மேற்காலத் தோட்டத்தார் முதலில், அடுத்து பள்ளத்துத் தோட்டத்தார் என்பது வழிவழியாக வந்த முறை. கமிட்டித் தலைவர் வந்து, கண்ணாடி போட்டு, ஒவ்வொரு வரியாகப் படித்துச் சரி என்று சொன்னார். நான் அதை என் பெயரிலுள்ள இடத்தில் வைத்துப் பூட்டினேன். மறுநாள் அச்சுக்குப் போயிற்று. நோட்டீஸ் வீடு வீடாகப் போன பிறகுதான் தெரிந்தது, பள்ளத்துத் தோட்டத்தார் முதலிலும் மேற்காலத் தோட்டத்தார் இரண்டாவதிலும் இருந்தார்கள்.

பள்ளத்துத் தோட்டம் என் கொழுந்தனார் மனைவி பிறந்த வீடு. என் பாஸ்வேர்டு எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும்.

மேற்காலத் தோட்டத்தார் கடை வாசலில் வந்து நின்று, "பொறந்த ஊட்டுக்குப் பவுசு தேடிக் குடுத்துட்டாளா உங்க ஊட்டு மருமக?" என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரர் தம்பியைக் கேட்க, தம்பி பெண்டாட்டியைக் கேட்க, அவள் ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "நான் தொடலீங்க." யாரும் நம்பவில்லை. நானா? நான் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. நானே பழையதைத் திறந்து அச்சுக்குக் கொடுத்துவிட்டேனோ என்றும் யோசித்துப் பார்த்தேன். ஆனால் வரிசை மாறிய நோட்டீஸ் அதற்கு முன்னால் எங்களிடம் இருந்ததே இல்லை. அவள் துணியை எடுத்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். "பாகம் பிரிச்சுக் குடுத்துருங்க, நாங்க வேற ஊடு போயிக்கறம்" என்று கொழுந்தனார் சொன்னார். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்ட குடும்பம்.

கமிட்டியில் முடிவு செய்தார்கள்: வெள்ளிக்கிழமை ஆத்தா முன்னால் பூக் கேட்பது. வெள்ளைப் பூ வந்தால் அவள் மேல் குற்றமில்லை. செவ்வரளி வந்தால் அவள்தான். அவளும் அவளைக் கட்டியவரும் இனி அந்தக் கோயில் படி ஏறக் கூடாது.

நான் ஓடிப் போய் கம்ப்யூட்டர்க்காரம்மாவுக்குப் போன் போட்டேன். மறுநாளே வந்தார். பூட்டுப் பையோடு, அதே முகத்தோடு. நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "பெரியவங்களைக் கடைக்கு வரச் சொல்லுங்க" என்றார்.

தலைவரும் மேற்காலத் தோட்டத்துப் பெரியவரும் வந்தார்கள். வீட்டுக்காரர், கொழுந்தனார் எல்லோரும் நின்றோம். நான் ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருந்ததால் கொழுந்தனார் மனைவியும் வந்து, படியேறாமல் வெளியிலேயே நின்றாள்.

அந்த அம்மா நோட்டீசை என் இடத்தில் வைத்துப் பூட்டச் சொன்னார். பூட்டினேன். பாஸ்வேர்டையும் மாற்றச் சொன்னார். என் குலதெய்வம் பெயரும் மகன் பிறந்த நட்சத்திரமும் சேர்த்துப் புதிதாகப் போட்டேன். அவர் விருந்தாளி வாசலில் உட்கார்ந்தார். அன்றைக்கு மட்டும் கைமேல் துண்டு போடவில்லை. "எல்லாரும் பாருங்க" என்றார். ஏதோ அடித்தார், சும்மா ஒரு காகிதத்துக்குப் பிரிண்ட் கொடுத்தார். வெள்ளைக் காகிதம் ஒன்று வெளியே வந்து விழுந்தது.

"ஒண்ணும் இல்லியே அம்மிணி" என்றார் தலைவர்.

"இப்ப அவங்க இடத்தத் தொறக்கச் சொல்லுங்க."

திறந்தேன். நோட்டீஸ் இருந்தது. கமிட்டித் தலைவர் என்கிற இடத்தில் எதிர்க்கடை டீ மாஸ்டர் பெயர் இருந்தது.

"அடி ஆத்தா!" என்று தலைவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். கொழுந்தனாருக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு, நம் வீட்டுப் பூஜை அறைக்குள், நாம் பூட்டி வைத்திருக்கும்போதே ஒருவர் வந்து விளக்கை இடம் மாற்றி வைத்துவிட்டுப் போனதுபோல இருந்தது.

அவர் விளக்கினார். "பிரிண்ட் எடுக்கறப்ப காயிதத்த நீங்க நேரா பிரிண்டருக்குக் குடுக்கறதில்லீங்க. நடுவுல ஒரு வேலக்காரன் இருக்கறான். அவங்கிட்டக் குடுக்கறீங்க. அவன் மொதலாளி பேர்ல ஓடறவன், எல்லா ரூம்புச் சாவியும் அவங்கிட்ட இருக்குது. குடுத்தவனுக்கு அந்த ரூம்புக்குப் போக உரிம இருக்குதான்னு அவன் கேக்கோணும். இந்தப் பழசுல அவன் கேக்கறதில்ல. கொண்டு போய் வெய்யின்னா வெச்சுட்டு வந்துருவான்."

எனக்கு அது சட்டென்று விளங்கியது. "பூசாரி மாதிரிங்களா? நாம கருவறைக்குள்ள போக முடியாது. தட்டை அவருகிட்டக் குடுக்கறோம், அவரு கொண்டு போறாரு. தட்டுல என்ன இருக்குதுன்னு பாக்காம கொண்டு போயிட்டா..."

"அதேதானுங்க."

மேற்காலத் தோட்டத்துப் பெரியவர் அதற்கெல்லாம் அசையவில்லை. "செரி, அப்ப மாத்துனது ஆரு? அதச் சொல்லு."

"தெரியாதுங்க."

"உள்ள பாத்தாத் தெரியாதா?"

"இவங்க பேர்லதான் மாறியிருக்குது. ஆனா அந்த வழியாப் போறவன் இவங்க பேரவே எழுதி வெச்சுட்டுப் போலாம். அன்னைக்குக் கடைல வந்து உக்காந்த ஆரு வேணாலும் பண்ணியிருக்கலாம்."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா பொள்ளாச்சில இருந்து பஸ் ஏறி வந்தே?"

"ஆமாங்க," என்றார் அவர். "தெரியாதுன்னு தெரிஞ்சுக்கறதுக்குத்தான் இத்தன நேரம் ஆச்சு."

எனக்குக் கோடி புண்ணியம் கிடைத்த மாதிரி இருந்தது. திரும்பி கொழுந்தனார் மனைவியைப் பார்த்தேன். அவள் முகம் தெளியவில்லை. படிக்குக் கீழே நின்றபடியே சொன்னாள்:

"ஆரு வேணாலும் பண்ணியிருக்கலாம்னா, நானும் பண்ணியிருக்கலாம்னுதானுங்க்கா அர்த்தம்? நேத்து நான் ஒருத்தி கள்ளி. இன்னிக்கு ஊரோட சேந்து கள்ளி. பூக் கேளுங்க. கேட்டே ஆகோணும்."

கம்ப்யூட்டர்க்காரம்மா அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் ஒரு மனிதர் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை.

அன்று மத்தியானமே அந்த ஓட்டையை அடைத்தார். பென்டிரைவில் கொண்டுவந்த சரக்கு நடுவழியில் யாரும் கைவைக்காததுதானா என்று பார்க்க, நீளமாக எழுத்தும் எண்ணுமாக ஒன்றைச் சரிபார்க்க வேண்டுமாம். என் கையில் அவர் போனைக் கொடுத்து அதைப் படிக்கச் சொன்னார். அவர் திரையில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். சகஸ்ரநாமம் சொல்வதுபோல ஒவ்வொன்றாகப் படித்தேன். பாதியில் வாய் தவறிற்று. "மொதல்ல இருந்துங்க" என்றார். கொழுந்தனார் மனைவி வெளியிலிருந்து, "ஆத்தா, இதுக்குப் பூக் கேக்கறதே சுளுவு" என்று முணுமுணுத்தாள். அந்த நிலையிலும் அவளுக்கு வாய் அடங்கவில்லை பாருங்கள்.

பிரிண்ட் எடுக்கிற பாகத்தை மட்டும் மாற்றினார். எழுத்தைத் தொடவில்லை. வீட்டுக்காரர் ஒரு பழைய பத்திரிகையை அடித்துப் பார்த்தார், கட்டம் எதுவும் வரவில்லை. பிறகு அம்மா மறுபடியும் விருந்தாளியாக உட்கார்ந்து, காலையில் செய்த அதே வேலையைச் செய்தார். இந்தத் தடவை கம்ப்யூட்டர், உனக்கு உரிமை இல்லை என்று சிவப்பில் எழுதிக் காட்டியது. மறுபடியும் செய்தார், வேறு மாதிரியும் செய்து பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அதே சிவப்பு. அப்போதுதான் அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தேன். "இப்பக் கேள்வி கேக்குது பாருங்க" என்றார்.

ஊருக்குப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. "பூக் கேக்கறத நான் பாக்கலாமுங்களா?" என்றார். அன்று எங்கள் வீட்டிலேயே தங்கினார். சோறாக்கும்போது அடுப்பங்கரையில் வந்து என் பக்கத்திலேயே நின்றார். எதற்கு என்று எனக்குத் தெரியும். நானும் அரிசி களைந்ததிலிருந்து எல்லாவற்றையும் அவர் பார்க்கும்படியே செய்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கோயிலில் கூட்டம். எங்கள் வழக்கம் இதுதான்: வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இரண்டும் ஒரே மாதிரி வாழை இலையில், நூல் சுற்றிக் கட்ட வேண்டும். எது எதென்று யாருக்கும் தெரியக் கூடாது என்பதால், கட்டுகிறவர் பின்னால் கிணற்றடிக்குப் போய் மறைவாகக் கட்டுவார். பூசாரி தட்டில் வாங்கி ஆத்தா காலடியில் வைப்பார். ஒரு சின்னப் பிள்ளை அதில் ஒன்றை எடுக்கும். எடுத்ததைப் பிரிப்பார்கள். எடுக்காததைப் பிரிப்பதில்லை. ஆத்தா வேண்டாம் என்று ஒதுக்கியதை நாம் பார்க்கக் கூடாது. கட்டியவர்தான் அதை எடுத்துப் போய் ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும்.

அம்மா இதையெல்லாம் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு கூட்டத்தில் முன்னால் போய் நின்றார். எனக்கு அப்போதே பகீரென்றது.

"ஏனுங்க, எடுக்கப் போற பாப்பா ஆரூட்டுப் பாப்பாங்க?"

தலைவருடைய பேத்தி. கூட்டத்தில் சலசலப்பு. பள்ளத்துத் தோட்டத்தார் பக்கமிருந்து யாரோ, "நல்லாக் கேளுங்கம்மிணி" என்றார்கள். கடைசியில் நல்லேப்பிள்ளியிலிருந்து நேர்த்திக்கடன் செலுத்த வந்திருந்த ஒரு வெளியூர்க் குழந்தை எடுக்கட்டும் என்று ஒத்துக்கொண்டார்கள்.

"பொட்டலத்த ஆருங்க கட்டறது?"

பூசாரி மகன்தான் கட்டுவது. அவன் மேற்காலத் தோட்டத்தில் பெண் எடுத்தவன். அதையும் யாரோ எடுத்துச் சொன்னார்கள். வேறு ஒருவர் பெயர் சொன்னார்கள், அவருக்குப் பள்ளத்துத் தோட்டத்தில் உறவு. இன்னொருவர் பெயர், அவருக்கு எங்கள் கடையோடு கொடுக்கல் வாங்கல். யார் பெயரைச் சொன்னாலும் யாராவது ஒருவர் மறுத்தார்கள். எனக்கு அந்த அம்மா மேல் அப்படியொரு ஆத்திரம். ஆத்தா சந்நிதியில் நின்றுகொண்டு, கம்ப்யூட்டரைக் கேட்கிறதுபோலக் கேட்கிறாரே, எங்களை என்னென்று நினைத்தார்? இத்தனை வருஷமாக இந்த வாசலில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மேற்காலத் தோட்டத்துப் பெரியவருக்குப் பொறுமை போயிற்று. "ஆரையும் நம்ப மாட்டே! அப்ப நீயே கட்டு! உனக்கு இந்த ஊருல மாமனா, மச்சானா?"

"நானுங்களா?" என்றார் அவர்.

"நீயேதான்! இங்க ஒருத்தருக்கும் நீ சொந்தமில்ல. கட்டு!"

எல்லோரும் சரி என்றார்கள். அவர் கைகால் கழுவிக்கொண்டு, பூக்கூடையை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் இரண்டு பொட்டலம், அச்சடித்ததுபோல ஒரே மாதிரி. பூசாரி தட்டை நீட்டினார். அவர் வைத்தார். பூசாரி உள்ளே கொண்டு போனார்.

குழந்தை ஒன்றை எடுத்தது. பூசாரி நூலை அவிழ்த்தார். வெள்ளை.

குலவை கிளம்பியது. கொழுந்தனார் கோயில் வாசலிலேயே விழுந்து கும்பிட்டார். மேற்காலத் தோட்டத்துப் பெரியவர் திருநீறு பூசிக்கொண்டார். ஆத்தா சொன்ன பிறகு அவருக்கு மறுவார்த்தை கிடையாது, அதையும் சொல்ல வேண்டும். கொழுந்தனார் மனைவி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன்.

கண்ணைக் கழுவலாம் என்று கிணற்றடிக்குப் போனேன். அங்கே கல்லிடுக்கில் செவ்வரளிப் பூ கிடந்தது. நாலைந்து இருக்கும். கட்டும்போது கை தவறிச் சிந்தியிருக்கலாம். பூக்கூடையில் அதிகமாக இருந்ததைக் கொட்டியிருக்கலாம். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். பிறகு அதைக் காலில் படாமல் ஒதுக்கிச் செடி மூட்டில் போட்டேன்.

பஸ் ஏற்றிவிட நானும் கொழுந்தனார் மனைவியும் கூடப் போனோம். எடுக்காத பொட்டலம் அவர் கையில் இருந்தது. வழியில் வாய்க்காலில் விடுவதாகப் பேச்சு. அதற்குள் பொள்ளாச்சி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்துவிட்டது. அவர் பொட்டலத்தை என் கையில் வைத்தார். "நீங்களே தண்ணில உட்ருங்க."

நான் குரலைத் தாழ்த்தி, "இதுல இருக்கறது செவப்புதானுங்களே? இதுலயும் வெள்ளை இல்லீங்களே?" என்றேன். கேட்கக் கூடாதுதான். வாயில் வந்துவிட்டது.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "எனக்குத் தெரியும். ஆனா நான் சொன்னா நீங்க ஏன் நம்போணும்? நானா இருந்தா பிரிச்சுப் பாத்துட்டுத்தான் உடுவனுங்க."

படியில் கால் வைத்து ஏறிவிட்டார். அதற்குப் பிறகு அவர் எங்கள் கடைக்கு வரவில்லை. அந்தப் போன் நம்பரில் கொஞ்ச நாள் மணி அடித்தது, பிறகு அதுவும் இல்லை. அப்டேட் வந்தால் இப்போது என் வீட்டுக்காரர் தானே ஏற்றச் சொல்கிறார். புது நோட்டீஸ் பழைய வரிசைப்படியே அச்சாகி, நோம்பி நல்லபடியாக நடந்தது. வரிசையை மாற்றியது யார் என்று இன்று வரைக்கும் தெரியாது.

அன்றைக்கு பஸ் போன பிறகு வாய்க்கால் கரைக்கு வந்தோம். தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. பொட்டலத்தை விடாமல் கையில் வைத்துக்கொண்டே நான் நின்றிருக்கிறேன். எனக்கே தெரியவில்லை. கொழுந்தனார் மனைவி அதை மெதுவாக என் கையிலிருந்து வாங்கினாள். முடிச்சில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அழுத கண், ஆனால் நேராகப் பார்த்தாள்.

"பிரிச்சுப் பாக்கோணுமுங்களாக்கா உங்களுக்கு?"

"வேண்டாம் கண்ணு" என்றேன்.

வேண்டாம் என்றுதான் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.